ஒன்றரை அடி மோண்ட்ரியன்

முருகன் காலண்டரில் நீலம் கொஞ்சம் பிசகி அச்சாகியிருந்தாலும் மயில் மயிலாகவே தெரியும். வேலும் சிரிப்பும் அப்படியே இருக்கும், கை தானாகக் கும்பிடும். அரூப ஓவியத்துக்கு இந்த வசதி இல்லை. முகம், மரம், ஆறு என்று கண் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் கிடையாது. நிறம், அளவு, பெயின்ட் கேன்வாஸ்மேல் உட்கார்ந்திருக்கும் விதம், இந்த மூன்றுதான் மொத்தப் படமும். ஒன்று கெட்டாலும் நாம் காசு கொடுத்து வாங்கியது வேறு ஏதோ ஒரு படமாகிவிடும். அரூப ஓவியத்துக்குப் பிரதி வாங்குவதில் மற்ற எந்தப் படத்தையும்விட அதிகக் கவனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறேன். பையர் அனுப்பும் துணித்துண்டின் நிறத்துக்கு லேப் டிப், அதாவது சின்ன மாதிரிச் சாயம், போட்டு, இரண்டையும் லைட் பாக்ஸுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சமான டி65-இல் ஒரு முறை, கடை விளக்கான டிஎல்84-இல் ஒரு முறை, மஞ்சள் பல்பில் ஒரு முறை பார்த்து ஷேட்டை ஓகே செய்வதோ திருப்பி அனுப்புவதோ என் வேலை. புது வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து, ஹாலில் மாட்டியிருக்கும், டச்சு அரூப ஓவியர் மோண்ட்ரியன் படத்தின் அக்ரிலிக் பிரதியைப் பார்ப்பவர்கள் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று கேட்கிறார்கள். விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபிரேமோடு 9,500 ரூபாய். மீதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

ஆன்லைனில் வீட்டு அலங்காரப் படங்களைத் தேடியவர்களுக்கு ரஷ்ய ஓவியர் கேண்டின்ஸ்கியின் வட்டங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒன்றுக்குள் ஒன்றாக வண்ண வட்டங்கள். நான்கடிக் கேன்வாஸில் கெட்டி அக்ரிலிக்கில் தீட்டி விற்கிறார்கள். 1913-இல் கேண்டின்ஸ்கி இதைச் செய்தது காகிதத்தில், வாட்டர் கலரும் கிரேயானும் வைத்து. அளவு சுமார் 24-க்கு 32 சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடச் சற்றுதான் பெரிது. இப்போது மியூனிக்கில் லென்பாக்ஹவுஸ் மியூசியத்தில் இருக்கிறது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தால் என்ன ஆகிறது என்று பார்த்த வண்ணப் பயிற்சி அது. தண்ணீர் ஓடி ஒரு வளையம் அடுத்த வளையத்துக்குள் கசிந்து நிற்கும் இடங்கள்தான் அதன் அழகு. கெட்டி அக்ரிலிக்கில் அந்தக் கசிவெல்லாம் கத்தரித்த விளிம்பாகிவிடும். அதனால் அந்தப் படத்தை மட்டும் நான் பெயின்டில் வாங்கவில்லை. தடிமனான பருத்திக் காகிதத்தில், அசல் அளவிலேயே, பிக்மென்ட் இங்க்கில் பிரின்ட் எடுத்துக் கண்ணாடி போட்டு மகளின் படிப்பு மேஜைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். கிட்டே போய்ப் பார்க்க வேண்டிய படம் அது. மேஜையில் உட்கார்ந்தால் சரியாக அந்தத் தூரம் வருகிறது.

ஆகவே கடைக்குப் போகுமுன் அசல் எதனால் வரையப்பட்டது, எவ்வளவு பெரியது என்று பார்த்துவிடுங்கள். பெரிய மியூசியங்கள் தங்கள் இணையதளத்தில் இரண்டையும் போட்டிருக்கும். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளின்ட் 1907-இல் வரைந்த பத்துப் பெரும் படங்களின் பிரதிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அசல் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். நம் வீடுகளில் தளமே பத்தடி. எதிரே நிற்பவரைவிட ஏறக்குறைய இருமடங்கு உயர்ந்து நிற்க வேண்டிய படத்தை இரண்டடிக்குச் சுருக்கினால் மிஞ்சுவது டிசைன் மட்டும்தான். அவருடைய படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், அதனாலேயே வாங்கவில்லை.

மோண்ட்ரியனை நான் தேர்ந்தெடுத்ததற்கு வேலை நிமித்தமாக நெதர்லாந்து போனது காரணம். மோண்ட்ரியன் படங்கள் உலகிலேயே அதிகமாக இருக்கும் இடம் ஹேக் நகரத்துக் குன்ஸ்ட்மியூசியம். அங்கே போகும்வரை, அவருடைய படம் என்றால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நடுவில் சிவப்பு, நீலம், மஞ்சள் நிரப்பியது என்று அச்சில் பார்த்த நினைப்புதான் எனக்கும். நேரில் முதலில் கண்ணை இழுத்தது வெள்ளை. ஒரே படத்தில் ஒரு கட்டத்தின் வெள்ளையில் நீலச் சாயல், அடுத்ததில் சாம்பல், இன்னொன்றில் மஞ்சள் சாயல். பிரஷ் ஓடிய திசையும் கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. ஒன்றில் மேலிருந்து கீழ், பக்கத்தில் இடமிருந்து வலம். சில படங்களில் கறுப்புக் கோடு கேன்வாஸ் விளிம்பைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் பெயின்ட் ஏற்றி, மறுபடி ஏற்றி, கோட்டை நகர்த்திச் சரிசெய்த தழும்புகள் தெரிகின்றன. வெள்ளைத் துணியில் ஷேட் பார்ப்பதுதான் எங்கள் தொழிலிலேயே கடினம். அந்தக் கடினத்தை ஒருவர் பல வருஷம் தானாக விரும்பிச் செய்திருக்கிறார் என்று பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். அன்றே முடிவு செய்துவிட்டேன், வீடு கட்டினால் ஹாலில் மோண்ட்ரியன்.

எடுத்துக்கொண்டது 1930-இல் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் படம். வலது மேல் பக்கம் முழுக்க ஒரு பெரிய சிவப்பு, இடது கீழே சின்ன நீலம், வலது கீழ் மூலையில் துணுக்கு மஞ்சள். அசல் சூரிச்சில் குன்ஸ்ட்ஹவுஸில் இருக்கிறது. அளவு ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் சதுரம், அதாவது ஒன்றரை அடி. கடைகளில் மூன்றடி, நான்கடி என்றுதான் கிடைக்கிறது. நான்கடியில் அந்தச் சிவப்பு ஹாலை விழுங்கிவிடும். அந்த மஞ்சளுக்கு மூச்சே இருக்காது. ஒன்றரை அடியில்தான் மஞ்சள் அத்தனை சின்னதாக இருந்தும் சிவப்புக்கு எதிர் எடையாக நிற்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் சொல்வதில்லை. இந்தியாவில் ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. மோண்ட்ரியனும் கேண்டின்ஸ்கியும் 1944-இல் இறந்தவர்கள், பால் கிளீ 1940-இல். இவர்களுக்கெல்லாம் அந்தக் காலம் முடிந்துவிட்டது. அமெரிக்க அரூப ஓவியர் ரோத்கோ இறந்தது 1970-இல், ஆகவே 2030 முடியும்வரை உரிமை இருக்கிறது. நம் நாட்டு ஓவியர் எஸ்.எச். ரஸா 2016-இல் இறந்தார். பெரிய வட்டப்புள்ளியை வைத்து அவர் வரைந்த பிந்து படங்களைக் கைக்கு வந்த நிறத்தில் தீட்டி ஆன்லைனில் கூசாமல் விற்கிறார்கள். 2076 வரை அந்த உரிமை அவருடைய வாரிசுகளுக்கோ அவர் எழுதிவைத்தவர்களுக்கோ சேர வேண்டியது. டிசைனைத் திருடிப் போடும் பனியன் கம்பெனியோடு தொழில் செய்யமாட்டோம் என்று சொல்கிற ஊர்க்காரர்கள் நாம். சுவரிலும் அதே நியாயம்தான்.

ரோத்கோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாயம் வெளுப்பதோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அவருடையது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு உணவுக்கூடத்துக்காக ஐந்து பெரிய கேன்வாஸ்களை அவர் வரைந்து கொடுத்தார், 1964-இல் மாட்டினார்கள். அந்தக் கருஞ்சிவப்புக்கு அவர் எடுத்த பிக்மென்ட்களில் ஒன்று லித்தோல் ரெட். வெயிலுக்குத் தாங்காத சாயம். கூடத்திலோ பெரிய பெரிய ஜன்னல்கள். சிவப்பு போகப் போக அதோடு கலந்திருந்த நீலம் மேலோங்கியது. 1979-இல் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். 2014-இல் திரும்பக் காட்டியபோது, பழைய போட்டோக்களிலிருந்து போன நிறத்தைக் கணக்கிட்டு, புரொஜெக்டரால் புள்ளி புள்ளியாக அந்தக் குறையை மட்டும் படத்தின்மேல் பாய்ச்சினார்கள். மாலையில் விளக்கை அணைத்தால் வெளுத்த படம்! ரோத்கோவுக்கே இது நடந்ததென்றால் நாம் வாங்கும் பிரதிக்கு என்ன பெயின்ட் போட்டார்கள் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

எங்கள் லேபில் ஒளிக்குத் தாங்கும் திறனை ப்ளூ உல் அளவில் 1 முதல் 8 வரை சொல்வோம், 8 தான் உச்சம். ஓவிய பெயின்ட் டியூபில் அமெரிக்க ஏஎஸ்டிஎம் கணக்கில் போட்டிருப்பார்கள். அதில் எண் சின்னதாக இருந்தால்தான் நல்லது; ஒன்று அல்லது இரண்டு என்றால் வீட்டுக்குத் தாராளமாகப் போதும். டியூபின் பின்னால் பிக்மென்ட் கோடும் இருக்கும். பிபி29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பிடபிள்யூ6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பிஆர்108 என்றால் காட்மியம் சிவப்பு. இவை மூன்றும் நம்பலாம். பிஆர்83 என்று போட்ட சிவப்பு அழகாக இருக்கும், ஆனால் சீக்கிரம் வெளுக்கும். கோடே போடாத மலிவு பெயின்டில் தீட்டியதைத் தென்மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரைந்து கொடுத்தவர் கோயம்புத்தூர்க்காரர். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் தியேட்டர் பேனர் எழுதியவர். கட்டம் போட்டுப் பெரிதாக்குவதில் அந்தத் தலைமுறைக்கு இருக்கும் கை வேறு யாருக்கும் வராது. அளவைக் கேட்டதும் அவருக்கு ஏமாற்றம்.

"இத்தனூண்டு படத்துக்கா அம்மிணி இத்தன தூரம் வந்தீங்க? ஆறடிக்குப் போட்டுத் தரட்டுங்களா, சுவரே நெறஞ்சு போயிருமுங்க."

"இல்லீங்கண்ணா, அசல் என்ன அளவோ அதே அளவுதானுங்க வேணும்."

பிறகு கேட்லாக் அச்சையும், மியூசியத்தின் தளத்தில் இருந்த படத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இணையத்தில் அதே படம் இடத்துக்கு இடம் வேறு சிவப்பு காட்டுகிறது. ஒன்றில் தக்காளி, ஒன்றில் குங்குமம். அசல் கையில் இல்லாதபோது ஏதாவது ஒன்றை ஸ்டாண்டர்டாக ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் கேட்லாக் அச்சை ஒப்புக்கொண்டேன், டி65 வெளிச்சத்தில்.

அங்கே ஒரு விஷயம் எனக்குப் பாடமாக இருந்தது. துணி ஈரமாக இருக்கும்போது நிறம் ஆழமாகத் தெரியும், காய்ந்தால் வெளிறும். அதனால் ஈரத்தில் ஷேட் பார்க்கவே கூடாது என்பது லேபின் முதல் விதி. அக்ரிலிக்கில் இது தலைகீழ். ஈரத்தில் அதிலுள்ள பிசின் பால்போல வெள்ளையாக இருக்கிறது; காயும்போது அது தெளிந்துவிடுவதால் நிறம் ஆழமாகிவிடுகிறது. ஆகவே ஈரத்தில் கேட்லாக்கோடு சரியாகப் பொருந்திய சிவப்பு காய்ந்ததும் ஒரு படி கருத்துவிடும். அண்ணன் இதை அனுபவத்தில் தெரிந்துவைத்திருந்தார். ஒவ்வொரு கலவையையும் அட்டையில் தடவி, முழுக்கக் காயவைத்து, அதன்பிறகுதான் என்னிடம் நீட்டினார். ஓகே ஆன அட்டைகளின் பின்னால் எந்த பெயின்ட் எத்தனை பங்கு என்று எழுதிவைத்தார். எங்கள் ரெசிபி கார்டு எழுதுபவர்களைவிட ஒழுங்காக எழுதினார் என்று சொன்னால் மிகையில்லை.

வெள்ளைக்குத்தான் அதிக நேரம் போனது. டைட்டானியம் வெள்ளையை அப்படியே எடுத்து வழவழவென்று பூசினால் பிளாஸ்டிக் போலாகிவிடுகிறது. கொஞ்சம் ஓக்கர் என்கிற மண்மஞ்சள், கொஞ்சம் கறுப்பு, ஒன்றில் துளி நீலம் என்று தனித்தனி வெள்ளைகள் கலந்தார். ஆயில் பெயின்டின் கனம் வருவதற்கு ஜெல் மீடியம் சேர்த்தார். ஹேக்கில் பார்த்ததைச் சொல்லி, கட்டத்துக்குக் கட்டம் பிரஷ் திசையை மாற்றச் சொன்னேன். கோடுகளுக்கு டேப் ஒட்ட வேண்டாம் என்று அவரே சொன்னார். பேனர் எழுதும்போது கைக்கு முட்டுக்கொடுக்கும் குச்சியை எடுத்து, தட்டை பிரஷால் ஒரே இழுப்பில் இழுத்தார். கோடுகள் எல்லாம் ஒரே தடிமன் இல்லை என்பதை விற்பனைக்குப் பிரதி வரைபவர்களில் பாதிப்பேர் கவனிப்பதே இல்லை. ஸ்கேல் வைத்துச் சமமாக இழுத்துவிடுகிறார்கள்.

படம் வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி அதுதான். பவானிக்காரர், ஜமக்காளத் தறியில் உட்கார்ந்தவர். "ஏன் கண்ணு, இந்தக் கரை மட்டும் ஏன் அகலமா விட்டிருக்காங்க?" என்றார். அந்தக் கேள்வியோடு அவர் வெகுநேரம் படத்தின் முன்னால் நின்றார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

முன்பக்கத்தில் மோண்ட்ரியனின் கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. பின்பக்கம் மரச்சட்டத்தில் 'பிரதி' என்றும், எந்தப் படத்தின் பிரதி என்றும், தன் பெயரையும் தேதியையும் அண்ணன் எழுதியிருக்கிறார். எந்தப் பிரதியாக இருந்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள். வரைந்தவருக்குச் சேர வேண்டிய பெயர் அது. பின்னாளில் யாரும் அதை அசல் என்று கைமாற்றவும் முடியாது.

ஆளைத் தேடிப் பிடிக்க முடியாமல் ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அக்ரிலிக் என்று போட்டு மூன்று வகைப் பொருள் விற்கிறார்கள்: அக்ரிலிக் பெயின்டால் கையால் வரைந்தது, அக்ரிலிக் ஷீட்டுக்குப் பின்னால் ஒட்டிய பிரின்ட், கேன்வாஸ் பிரின்டின்மேல் நிறமில்லா ஜெல்லைப் பிரஷால் இழுத்தது. மூன்றாவதுதான் கையால் வரைந்தது என்ற பெயரில் அதிகம் வந்து விழுகிறது. துணி இழை எண்ணும் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரின்ட் என்றால் பொடிப்பொடியான இங்க் புள்ளிகள், பிரஷ் தழும்பு ஒரு பக்கம் போகும், நிறத்தின் எல்லை இன்னொரு பக்கம் போகும். வாங்குமுன் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு போட்டோவும், பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் வைத்துப் பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் கேளுங்கள். கையால் வரைகிறவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

பேக்கிங்கையும் விட்டுவிடக் கூடாது. அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். பபுள் ராப்பை நேராகப் படத்தின்மேல் சுற்றி மே மாதத்து லாரியில் ஏற்றினால் குமிழ் வட்டங்கள் அப்படியே பெயின்டில் பதிந்துவிடும். சிலிக்கோன் பூசிய ஒட்டாத காகிதத்தை முதலில் வைத்து, அட்டை வைத்து, அதன்மேல் பபுள் ராப்பைச் சுற்றச் சொல்ல வேண்டும். வந்த பிறகும் வெயில் நேராக அடிக்கும் சுவரும், மழைக்கு ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சை பிடித்தால் எடுப்பது பெரும்பாடு. சட்டத்தின் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும். துடைப்பதற்கு உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.

விளக்கைப் பற்றி எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சொன்னால் எல்லோரும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்துபோவது எங்களுக்கு அன்றாடம் நடப்பது, மெட்டாமெரிக் என்போம். படக்கடையின் டியூப்லைட்டில் பார்த்து வாங்கிய சிவப்பு, வீட்டு மஞ்சள் எல்இடியில் ஆரஞ்சுப் பக்கம் சாயலாம். நான் அண்ணனின் பட்டறைக்கே என் ஹால் பல்பை எடுத்துப்போய் அதிலும் பார்த்தேன். சிஆர்ஐ, அதாவது நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்கிற எண், 90-க்கு மேல் என்று எழுதியிருக்கும் பல்பாக வாங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது.

மாடிப்படி ஏறும் சுவர் இன்னும் காலியாக இருக்கிறது. அங்கே பிரதி மாட்டப் போவதில்லை. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தன் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இன்றும் இருக்கிறது. பாத்திக், கைவினைப் பொருட்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்து நிமிர்ந்தவர்கள் அவர்கள். எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் குறிகளும் நிரம்பிய பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களை அங்கே பார்த்திருக்கிறேன். அவற்றையும் இப்போது பிரதி எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் வருகிறது. அவர் 1977-இல் இறந்தவர், கணக்குப்படியும் கூடாது, மனசுப்படியும் கூடாது. சூரிச்சில் இருப்பதற்குத்தான் நமக்குப் பிரதி தேவை. ஈசிஆரில் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில், இன்று வரைந்துகொண்டிருக்கும் ஒருவரின் சின்னக் காகித ஓவியமோ கையெழுத்திட்ட அச்சுப் பிரதியோ வாங்க முடியும்போது அந்தப் பணம் அவருக்குத்தான் போக வேண்டும். அடுத்து சென்னை போகும்போது கொண்டுபோக அளவை எழுதி வைத்துவிட்டேன்: மூன்றடி அகலம், நாலேகால் அடி உயரம், வடக்கு வெளிச்சம்.